மாதிரி

பண்ணைக் கடலோரம், சனிக்கிழமை, ஏழரை மணி.
நான் வருகிற செய்தி
எனக்கு முன்னே வந்து சேர்ந்துவிட்டது.
முதல் வண்டிக்காரன் அவசரமாய்க் கையுறை இழுக்கிறான்,
அடுத்தவன் தலைக்குத் தொப்பி.
எங்கோ ஒரு வடைத் தட்டின் மேல்
கண்ணாடி மூடி இறங்கும் சத்தம்.
கொத்துக்காரனின் இரண்டு தகடுகளும்
தாளத்தின் நடுவில்
நின்றுபோயின.

"லீவிலை வந்தனான்" என்கிறேன்.
ஒருவரும் நம்பவில்லை.
"சேர், எல்லாம் இண்டைக்குத் திறந்த எண்ணெய்."
நான் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பதினொரு வருடமாக இந்த ஊர் சாப்பிடுவதை
போத்தலில் அடைத்து, அரக்கு வைத்து, இலக்கமிட்டு வருகிறேன்.
ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று பங்கு:
ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வுகூடத்துக்கு,
ஒன்று கந்தோர் அலுமாரிக்கு.
வாய்க்கென்று நாலாவது பங்கு
சட்டத்தில் இல்லை.

அட்சயா என் விரலைப் பிடித்து இழுக்கிறாள்.
ஏழு வயது. பசிக்குப் பதவி தெரியாது.

றம்சீனின் தட்டில் மாவு உருண்டை
ஒரு அடி, இரண்டு அடி,
பிறகு தோளுக்கு மேலே சுழன்று விரிகிறது.
ஒரு கணம் அந்த மெல்லிசுக்கூடாக
கோட்டை மதிலடி விளக்குத் தெரிந்தது.
முட்டை உடைத்து, மடித்து, வெட்டி
வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டுகிறான்.
"உங்கட்ட காசு எடுக்கேலுமா, சேர்?"

வாயில் வைத்தால் லஞ்சம்.
வைக்காவிட்டால் அவமானம்.
உப்புப் போத்தலுக்குக் கீழே தாளைச் செருகிவிட்டு நடந்தேன்.
பின்னாலேயே ஒரு பொடியன் ஓடி வந்து
அந்தத் தாளை
அட்சயாவின் கையில் திணித்துவிட்டுப் போனான்.
ரொட்டி ஆறியது. அவள் தின்றாள்.
நான் பார்த்தேன்.

வரிசையின் கடைசியில், கடற்காற்று நேரே அடிக்கிற இடத்தில்,
சார்ஜ் லைற் வெளிச்சத்தில் ஜெசிந்தா.
குருநகர். றால் வடை.
மாசி மாதம் இவள்மீது வழக்கு வைத்தவன் நான்:
மூடாத தட்டு, பத்தாயிரம் தண்டம்.
நீதிமன்றப் படிகளில் அவள் காசை எண்ணியது
எனக்கு நினைவிருக்கிறது.
ஈரக் காசு. மீன் மணம்.

என்னைப் பார்த்தாள்.
தொப்பி தேடவில்லை; சீலைத் துண்டால்
ஏற்கெனவே தலையைக் கட்டியிருந்தாள்.
"எத்தினை?"
"மூண்டு."
"முந்நூறு."
ஐந்நூறு கொடுத்தேன்.
இரண்டு நூறு திரும்பி வந்தது,
எண்ணெய் விரலடையாளத்தோடு.
"பிள்ளைக்கு உறைக்கும். தண்ணி கிடக்கோ?"

கடித்தேன்.
றாலின் ஓடு முதலில் நொறுங்கியது,
பிறகு பருப்பு, பிறகு பெருஞ்சீரகம்,
பிறகு எங்கிருந்தோ ஒரு பச்சைமிளகாய் விதை
நாக்கின் ஓரத்தில் ஏறி நின்று
விசாரணை நடத்தியது.
மூக்கு ஓடியது. கண்ணும்.

தட்டின் மூடி புதிது. பார்த்துவிட்டேன்.
பார்க்காமலிருக்க எனக்குத் தெரியாது.
அதன் ஒரு மூலை வெடித்து
ரேப் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன்.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

பாஸோ பெயிலோ என்று கேட்பார்கள்,
எப்ப அறிக்கை வரும் என்று கேட்பார்கள்,
ஆரிட்டைச் சொன்னால் விடுவியள் என்றும் கேட்பார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
நாலு பக்கப் படிவம் நிரப்புகிற கை
மடியில் கிடந்தது.
"இன்னும் மூண்டு தாங்கோ."

அவள் அகப்பையால் என் முதுகுக்குப் பின்னால் காட்டினாள்.
"வரிசையிலை வாங்கோ."

போய்க் கடைசியில் நின்றேன்.
எனக்கு முன்னால் ஏழு பேர்.
சறம் கட்டிய இரண்டு கடல்தொழிலாளிகள்
விசைப்படகுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவரும் திரும்பவில்லை.
அட்சயா எண்ணெய்க் கை இரண்டையும்
என் வெள்ளைச் சட்டையில் துடைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
தூரத்தில், விட்ட இடத்திலிருந்து,
தகடுகள்
மறுபடி கொத்தத் தொடங்கின.